முதல் பக்கத்தில் வந்த குடைத்துணி

என் அண்ணிக்கு அவர் வேலை பார்க்கும் பத்திரிகை அலுவலகத்தில் வைத்திருக்கும் பெயர் "அப்புறம்". யார் எதைச் சொல்லிக்கொண்டிருந்தாலும், அவர்கள் மூச்சு வாங்க நிறுத்துகிற இடத்தில் அண்ணி மெதுவாக "அப்புறம்?" என்பார். வேறு கேள்வியே வேண்டாம். சொல்லக் கூடாது என்று நினைத்து வந்ததையும் சேர்த்துக் கொட்டிவிட்டுத்தான் எதிரில் இருப்பவர் எழுந்து போவார். ஒருநாள் தக்காளி வாங்கப் போன இடத்தில், காய்கறிக் கடைக்காரர் தன் தம்பியோடு பேச்சை நிறுத்திய காரணம் வரைக்கும் கேட்டுக்கொண்டு வந்தார். தக்காளி வாங்க மறந்துவிட்டார்.

என் அண்ணன் அவரைக் கல்யாணம் செய்துகொண்டதே இந்த ஒரு வார்த்தையால்தானாம். "நான் பாட்டுக்குப் பேசிட்டே இருந்தேன். இவ 'அப்புறம், அப்புறம்'னு சொல்லிட்டே இருந்தா. கடைசியில பாத்தா நானே கல்யாணத் தேதி பேசிட்டு இருக்கேன்" என்பான். அண்ணனுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வேலைக்கு ஏற்றாற்போலத் தன் கண்ணாடியைத் தினமும் எங்காவது வைத்துவிட்டுத் தேடுவான்.

நாங்கள் மூன்று பேரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். மாடிப்படி ஏறியதும் வருகிற முன்னறைதான் என் தையல் அறை. ஜன்னலோரம் மெஷின், நடுவில் துணி வெட்டுகிற நீள மேஜை, மூலையில் ஆள் உயரக் கண்ணாடி, அதை மறைக்க ஒரு திரை. வருகிறவர்கள் எல்லாம் பெண்கள் என்பதால் அண்ணன் தன் வீட்டுக்குள் வரவே படியில் நின்று "வரலாமா?" என்று குரல் கொடுக்க வேண்டும். நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். நாலு பேர் நடுவில் பேச வராது. அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு குனிந்துகொண்டால் போதும், பேச்செல்லாம் வருகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அண்ணியின் வேலையில் சில பிடிவாதங்கள் உண்டு. ஒருவரைக் குற்றம் சொல்லி எழுதப்போகிறார் என்றால், எழுதுவதற்கு முன்னால் அவர் வாசலுக்கே போய், "உங்களைப் பத்தி இப்படி இப்படி எழுதப்போறேன். நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்பார். "அவனவன் திருட்டுத்தனமா எழுதறான். நீ கல்யாணத்துக்குக் கூப்பிடற மாதிரி வீட்டுக்கு வீடு போய்ச் சொல்லிட்டு எழுதறே" என்று ஆசிரியர் தலையில் அடித்துக்கொள்வார். இன்னொன்று, படம் எடுக்கும்போது முதலில் பின்னால் இருப்பதைப் பார்ப்பது. ஒருமுறை சாலைப் பள்ளத்தைப் படம் எடுத்தபோது, பின்னால் மொட்டைமாடியில் ஒருவர் உள்ளாடையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தது அப்படியே அச்சாகிவிட்டது. அந்த மனிதர் அலுவலகத்துக்கு வந்து போட்ட சத்தத்தில் பள்ளமே மூடியிருக்க வேண்டும். அன்றிலிருந்து அண்ணி சொல்வார்: "முன்னாடி இருக்கிறது செய்தி. பின்னாடி இருக்கிறதுதான் வம்பு."

அப்படிப்பட்டவரே ஒருமுறை வம்பில் மாட்டிக்கொண்டார். அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

மழை ஓய்ந்திருந்த ஒரு சாயங்காலம் பாட்டிலக்கா என்னிடம் துணி தைக்கக் கொடுக்க வந்தார். அவர் தண்ணீர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர். ஊரில் உள்ள குழாய்களில் தண்ணீர் பிடித்துக் கொண்டுபோய்ச் சோதனைக்கூடத்தில் பார்ப்பது அவர் வேலை. ஸ்கூட்டரில் பாட்டில்கள் கிணுகிணுவென்று சத்தம் போட வருவார். அதனால் அந்தப் பெயர். "தெருவில வெச்சு அப்படிக் கூப்பிடாதம்மா. பாக்கறவங்க என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?" என்று அவரே சிரிப்பார்.

கொண்டுவந்த துணியை மேஜைமேல் விரித்தார். பளீரென்ற கிளிப்பச்சை. அதில் மஞ்சள் குடைகள். ஒவ்வொரு குடைக்கும் சிவப்புக் கைப்பிடி. நான் இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு துணியைப் பார்த்ததில்லை.

"எப்படி? இதுல மேல்சட்டை தைச்சுப் போட்டேன்னா மழையே பயந்து திரும்பிப் போயிடும்" என்றார். "மத்தியானம் சாப்பிடற நேரத்துல காட்டினேன். ஆபீஸ்ல பொம்பளைங்க அத்தனை பேரும் தொட்டுத் தொட்டுப் பாத்தாங்க. காசாளரம்மா மட்டும் பாக்கலை. பாக்காத மாதிரி பாத்தாங்க."

பாட்டிலக்காவுக்கும் காசாளரம்மாவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அவர்கள் இருக்கிற அறையில் ஒரே ஒரு ஃபேன். அதை யார் பக்கம் திருப்புவது என்று ஆரம்பித்த சண்டை. ஃபேன் ரிப்பேராகிப் போய்ப் புது ஃபேன் வந்த பிறகும் சண்டை பழசாகவில்லை.

அளவு கொடுத்து முடித்ததும் பாட்டிலக்காவின் முகம் மாறியது. "உங்க அண்ணி இருக்காங்களா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். அண்ணி வந்ததும், பையிலிருந்து ஒரு கண்ணாடி பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தார். பால் ஊற்றாத தேநீர் நிறத்தில் தண்ணீர். அடியில் சிவப்பு நூல் துண்டு போல ஒன்று கிடந்தது. குனிந்து பார்த்தேன். அது நெளிந்தது.

"பழைய தொட்டியிலருந்து தண்ணி போற தெருவுக்கெல்லாம் இதான் போகுது" என்றார் பாட்டிலக்கா.

"அப்புறம்?" என்றார் அண்ணி.

"மேனேஜர்கிட்டக் கொண்டுபோய்க் காட்டினேன். மழைத்தண்ணி கலந்திருக்கும், தானா தெளிஞ்சுடும், வெளியில மூச்சு விடாதேன்னுட்டார்."

"அப்புறம்?"

"அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம் இருக்கும்மா. பிள்ளைங்க குழாயில வாயை வெச்சுக் குடிக்குதுங்க. பாத்துட்டு வந்து எனக்குச் சோறு இறங்கலை." வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "ஆனா என் பேரு வரக்கூடாது. நான்தான்னு தெரிஞ்சா அன்னிக்கே வேலை போயிடும். வீட்டுக்காரர் உடம்பு முடியாம படுத்திருக்கிறது உங்களுக்கே தெரியும். என் ஒருத்தி சம்பளத்துலதான் வீடு ஓடுது."

"உங்க பேரு என் வாயிலருந்து வராது. எங்க ஆசிரியர் கேட்டாலும் வராது" என்றார் அண்ணி. பாட்டிலை அப்படியே மேஜையில் வைத்துப் படம் எடுத்தார். எடுத்து முடித்து, பழக்கப்படி பின்னால் பார்த்தார். குடைத்துணியின் ஒரு ஓரம் படத்தில் விழுந்திருந்தது.

துணியை நகர்த்திவிட்டு இன்னொரு படம் எடுக்கப் போனால், அந்தப் புழு அடியில் படிந்திருந்த கசடுக்குள் போய்ப் புகுந்துகொண்டது. வெளியே வரவே இல்லை. பாட்டிலக்காவுக்கோ நேரமாகிவிட்டது. பாட்டிலை அலுவலகத்தில் பழைய இடத்தில் வைக்க வேண்டும்.

"பரவாயில்லை. நாலாம் பக்கத்துலதான் வரும். அது கறுப்பு வெள்ளை. இந்தக் குடையெல்லாம் ஏதோ சாம்பல் பொட்டு மாதிரிதான் தெரியும்" என்றார் அண்ணி. அவர் சொன்னது சரிதான். அந்தப் பத்திரிகையில் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும்தான் கலர்.

படம் கிடைத்த மாத்திரத்தில் எழுதிவிடவில்லை. அந்தத் தெருக்களுக்குப் போய், வீட்டுக்காரர்கள் கண்முன்னே குழாய்த் தண்ணீர் பிடித்து, அவர்கள் கையாலேயே மூடி ஒட்டவைத்து, வெளியே ஒரு தனியார் சோதனைக்கூடத்தில் கொடுத்தார். குடிக்கத் தகாத தண்ணீர் என்றே அங்கேயும் பதில் வந்தது. பிறகு தண்ணீர் அலுவலக மேனேஜரின் அறைக்குப் போனார். அங்கே நடந்ததை அண்ணி ராத்திரிச் சாப்பாட்டின்போது எங்களுக்கு நடித்தே காட்டினார். மற்றவர் குரலில் பேசுவதில் அவர் கெட்டிக்காரி.

"எங்க தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும்மா."

"அப்படியே போட்டுக்கட்டுமா சார்?"

"தாராளமாப் போட்டுக்கங்க."

"தாகமா இருக்கு சார். ஒரு டம்ளர் கிடைக்குமா?"

மேனேஜர் மேஜைக்கு அடியில் கையை விட்டு, கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டில் ஒன்றை எடுத்து நீட்டினாராம்.

அண்ணனுக்குப் புரையேறிவிட்டது. "இதை எழுது! முதல் வரியிலயே எழுது!"

"எழுத மாட்டேன்" என்றார் அண்ணி. "தாகம்னு கேட்டேன். மனுஷன் குடுத்தார். அதை வாங்கிக் குடிச்சுட்டு அவரையே ஊர் சிரிக்க வைக்கறதா? தண்ணி கெட்டுப்போயிருக்குங்கறதுதான் விஷயம். அதுக்கு என்கிட்ட ஆதாரம் இருக்கு." இதைச் சொன்னாரே தவிர, அவருக்கும் மனசு ஆறவில்லை. பாத்திரம் கழுவும்போதுகூட "எழுதியிருக்கலாமோ?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருந்தார்.

செய்தி போகிற நாளன்று அலுவலகத்திலிருந்து ஃபோன் வந்தது. ஆசிரியர் செய்தியைப் படித்துவிட்டு அசந்துபோய்விட்டாராம். நாலாம் பக்கத்திலிருந்து தூக்கி முதல் பக்கத்தில் போடுகிறாராம். அண்ணி வேலைக்குச் சேர்ந்து அதுவரை முதல் பக்கத்தில் வந்ததே இல்லை. கரண்டியோடு அடுப்படியில் ஒரு சுற்றுச் சுற்றி ஆடினார். அண்ணன் கைதட்டினான். நானும் சிரித்தேன். எங்கள் யாருக்கும் கலர் ஞாபகம் வரவில்லை.

காலையில் பத்திரிகை வந்தது. அண்ணி மடிப்பைப் பிரித்தார். நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தேன். பாட்டில் அழகாக வந்திருந்தது. அதற்குப் பின்னால் கிளிப்பச்சை. மஞ்சள் குடை இரண்டு முழுசாக, ஒன்று பாதியாக. சிவப்புக் கைப்பிடிகூடத் தெளிவாக இருந்தது.

அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அண்ணனுக்கு ஒன்றும் தெரியாது. கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, பத்திரிகையைத் தூரத்தில் பிடித்துப் பார்த்து, "படம் பிரமாதம்! பின்னாடி அந்தப் பச்சை இல்லைன்னா இவ்வளவு எடுப்பா இருக்காது" என்றான்.

அன்று சாயங்காலம் பாட்டிலக்கா வந்தார். செய்தி வந்ததில் பள்ளிக்கூடத்துக்கு வேறு தண்ணீர் அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள் என்றார். அதைச் சொல்லும்போது சிரித்தார். அடுத்த வார்த்தைக்கு அழுதுவிட்டார்.

"படத்தைப் பெருசாக்கி நோட்டீஸ் போர்டில ஒட்டிட்டார் மேனேஜர். 'இந்தத் துணி யாருடையது எனத் தெரிந்தவர்கள் உடனே தெரிவிக்கவும்'னு கீழ எழுதி இருக்கு. ஆம்பளைங்க ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியலை. பொம்பளைங்க ஒருத்தி பாக்கியில்லாம எல்லாருக்கும் தெரியும். போர்டைப் பாக்கறாங்க, என்னைப் பாக்கறாங்க, குனிஞ்சுட்டுப் போயிடறாங்க. காசாளரம்மா ரொம்ப நேரம் நின்னு பாத்துட்டுப் போனாங்க."

"தப்பு என்னுது அக்கா" என்றார் அண்ணி. "ஆசிரியர் பக்கம் மாத்தினார்தான். ஆனா படம் குடுத்தது நான். கலர்ல வந்துட்டா என்ன ஆகும்னு நான் யோசிச்சிருக்கணும். பேரைச் சொல்லாம இருந்தாப் போதும்னு இருந்துட்டேன்."

பாட்டிலக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டார். என்னிடம் திரும்பி, "அந்தத் துணியைத் தைக்காதேம்மா. கண்ணுல படாத இடத்துல வெச்சுடு" என்றார். நான் அதை டிரங்குப்பெட்டியின் அடியில், பழைய திரைச்சீலைகளுக்குக் கீழே வைத்துப் பூட்டினேன்.

அதோடு விட்டதா? தண்ணீர் அலுவலகத்தின் பெயரால் பத்திரிகைக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது. செய்தி பொய், மன்னிப்புக் கேட்க வேண்டும், பாட்டிலைக் கொடுத்தது யார் என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அவதூறு வழக்கு. ஆசிரியர் பத்திரிகையின் வக்கீலைக் கூப்பிட்டார். அந்த வக்கீலுக்கு ஒவ்வொரு சட்டம் சொல்லும்போதும் ஒரு விரலில் சொடக்கு எடுக்கிற பழக்கமாம். அண்ணி எங்களுக்கு அதையும் நடித்துக் காட்டினார். ஆனால் அன்று நடிப்பில் சுறுசுறுப்பு இல்லை.

"செய்தியில ஓட்டை இல்லை" (சொடக்கு). "வெளிச் சோதனைக்கூடத்துல சோதிச்சிருக்கு" (சொடக்கு). "அவங்க பதிலையும் போட்டிருக்கு" (சொடக்கு). "கோர்ட்டில நிக்கும். ஆனா பாட்டில் யார் குடுத்தாங்கன்னு அங்க கேப்பாங்களே?"

ஆசிரியர் ஒரு வழி சொன்னாராம். "படம் சும்மா மாதிரிக்குப் போட்டது, வேற எங்கயோ எடுத்ததுன்னு ஒரு வரி போட்டுடுவோம். துணிப் பிரச்சினை அதோட போச்சு."

"அது பொய் சார்" என்றாராம் அண்ணி. "அந்த ஒரு பொய்யை அவங்க பிடிச்சுட்டா, தண்ணி கெட்டிருக்கிறதும் பொய்னு ஆயிடும். அப்புறம் அந்தத் தொட்டியை யாரும் கழுவ மாட்டாங்க."

"அப்போ பேரைச் சொல்றியா?"

"அதுவும் மாட்டேன்."

வக்கீல் கடைசி விரலைப் பிடித்துக்கொண்டு, "சொல்லலைன்னா நீதிபதிக்குக் கோவம் வரும். உள்ள போட்டாலும் போடலாம்" என்றாராம்.

"அப்புறம்?" என்று பழக்கத்தில் கேட்டுவிட்டார் அண்ணி.

"அப்புறம் என்னம்மா, நான் வந்து வெளியில எடுக்கணும்."

இதைக் கேட்டுவிட்டு அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். பிறகு, "உள்ள தலையணை குடுப்பாங்களா? உனக்கு உயரம் கம்மியா இருந்தா கழுத்து பிடிச்சுக்குமே" என்றான். அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு சேர்ந்து கண்ணீரும் வந்தது. தான் ஜெயிலுக்குப் போனாலும் போகட்டும், பாட்டிலக்காவின் வேலை போய்விட்டால் என்ன செய்வது என்பதுதான் அவருக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

இதைக் கேள்விப்பட்டுப் பாட்டிலக்கா ஓடி வந்தார். "நானே போய் ஒத்துக்கறேன். உங்களுக்கு எதுக்கு இந்தத் தலைவலி?"

"உங்களுக்குச் சொல்லணும்னு தோணினாச் சொல்லுங்க அக்கா. என்னைக் காப்பாத்தறதுக்காகச் சொல்லாதீங்க. நான் வாக்குக் குடுத்ததே வேஸ்ட்டாயிடும்" என்றார் அண்ணி.

அடுத்த நாள் மத்தியானம் நான் தனியாக இருந்தேன். படியில் கனமான காலடிச் சத்தம். நிமிர்ந்து பார்த்தால் காசாளரம்மா. அவர் அதுவரை என்னிடம் தைத்ததில்லை. தண்ணீர் வரி கட்டப் போகும்போது கம்பிக்குப் பின்னால் பார்த்திருக்கிறேன். சில்லறை இல்லாமல் போனால் பார்வையாலேயே திருப்பி அனுப்பிவிடுவார். அறைக்குள் வந்ததும் மேஜையைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார், டிரங்குப்பெட்டியைப் பார்த்தார். துணியைத் தேடித்தான் வந்திருக்கிறார் என்று பெட்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

"இந்த மேஜைதானா?" என்றார்.

நான் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"வாய் இல்லையா உனக்கு? நல்லதுதான். இருக்கிறவங்களாலதான் ஊர் கெட்டுப்போச்சு." கைப்பையைத் திறந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேஜையில் போட்டார். பிரித்தேன். கிளிப்பச்சை. மஞ்சள் குடை. "எனக்கும் மேல்சட்டை. திங்கட்கிழமை போட்டுட்டுப் போகணும். முடியுமா, முடியாதா?"

"முடியும்" என்றேன். நாடாவை விரித்தேன்.

கையைத் தூக்கி அளவுக்கு நின்றுகொண்டே, சுவரைப் பார்த்துப் பேசினார். "எங்க வீடும் பழைய தொட்டித் தெருவுலதான் இருக்கு. என் பேத்தி அந்தப் பள்ளிக்கூடத்துலதான் படிக்குது. வயித்துவலின்னு படுத்திருந்தப்ப எதனாலன்னு தெரியலை. இப்பத் தெரியுது." கையை இறக்கிக்கொண்டு, "இதனால அவளோட பேசிட்டேன்னு அர்த்தம் இல்லை. ஃபேன் விஷயம் வேற" என்றார்.

அவர் படி இறங்குவதற்குள் தட்டச்சு செய்கிற பெண் படி ஏறினாள். அவள் கையிலும் அதே பச்சை. மறுநாள் தபால் பிரிக்கிறவர், கூட்டிப் பெருக்குகிறவர், அலுவலக மாடியில் குழாய் வரைபடம் போடுகிற இரண்டு பெண்கள். யாரும் எதுவும் விளக்கிச் சொல்லவில்லை. "எனக்கும் அதேதான்" என்று மட்டும் சொன்னார்கள். துணிக்கடைக்காரர் மூலையில் போட்டிருந்த கட்டு முழுவதும் விற்றுத் தீர்ந்ததில், இதுதான் புது மோஸ்தர் போலிருக்கிறது என்று நினைத்து இன்னொரு கட்டுக்குச் சொல்லி அனுப்பிவிட்டாராம்.

கடைசியாக வந்தவரைப் பார்த்துத்தான் எனக்கு மயக்கமே வந்தது. மேனேஜரின் மனைவி. "அவர் அந்தப் படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டி, இது எந்தக் கடைத் துணின்னு கேட்டார். தெரியாதுன்னு சொல்லிட்டேன். அப்புறம் போய்க் கண்டுபிடிச்சு வாங்கிட்டு வந்தேன்" என்றார். "எனக்குச் சட்டை வேண்டாம். ஜன்னலுக்குத் திரை தைச்சுக் குடு. சாப்பிடற மேஜைக்கு எதிர்ல இருக்கிற ஜன்னல். அவர் தண்ணி குடிக்கிறப்பல்லாம் கண்ணுல படணும்."

அன்று வீட்டுக்கு வந்த அண்ணி வாசலிலேயே நின்றுவிட்டார். மேஜை, மெஷின், நாற்காலி, கண்ணாடியை மறைத்த திரையின் மேல், எங்கே பார்த்தாலும் குடை. வெட்டிய கைகள் ஒரு பக்கம், கழுத்துகள் ஒரு பக்கம்.

"இதெல்லாம் யாரும்மா குடுத்தாங்க?"

நான் மெஷினை நிறுத்தினேன். "வந்தவங்க பேரை வெளியில சொல்ல மாட்டேன் அண்ணி."

அண்ணி என்னையே பார்த்தார். "அப்புறம்?" என்றார்.

"அப்புறம் ஒண்ணும் இல்லை. காலைத் தூக்கி வெச்சு வாங்க. ஊசி கிடக்கு."

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் படியில் நின்றிருந்த அண்ணன், "வரலாமா? என்ன ஆச்சு?" என்று கத்தினான்.

சிரித்து ஓய்ந்ததும் அண்ணி என் பக்கத்தில் உட்கார்ந்தார். "நான் கேட்டு இவங்க செஞ்சிருந்தா அது தப்பு. நான் கேக்கலை. அவங்களாச் செய்யறதைத் தடுக்கறதுக்கும் நான் யாரு?" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு என் கையிலிருந்து ஊசியை வாங்கிப் பட்டன் தைக்க ஆரம்பித்தார். அவர் தைத்த பட்டன்களை நான் பிறகு பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை நடந்ததைப் பாட்டிலக்கா வந்து சொன்னார். காலையில் மேனேஜர் உள்ளே நுழைந்ததும் வாசலில் கூட்டிக்கொண்டிருந்தவர் குடைச் சட்டையில் வணக்கம் சொன்னாராம். மேனேஜருக்கு முகம் மலர்ந்ததாம், ஆள் அகப்பட்டாச்சு என்று. இரண்டு எட்டு வைத்தால் தட்டச்சுப் பெண். அதற்கப்புறம் தபால். கம்பிக்குப் பின்னால் காசாளரம்மா, பச்சைக் கிளி போல. "என்ன சார், மழை வரும்போல இருக்கே?" என்றாராம்.

இதில் என் குளறுபடி ஒன்று உண்டு. அத்தனை பேருக்கும் தைத்துக் கொடுத்த அவசரத்தில், டிரங்குப்பெட்டியின் அடியில் இருந்த பாட்டிலக்காவின் துணியை எடுத்துத் தைக்க எனக்கு நினைவே வரவில்லை. இந்த ஏற்பாடு அவருக்கும் தெரியாது. பழைய நீலச் சட்டையில் போய் நின்றிருக்கிறார். அந்த அலுவலகத்தில் குடை இல்லாத ஒரே பெண் அவர்தான்.

மேனேஜர் அவரை அறைக்குக் கூப்பிட்டாராம். கதவைச் சாத்திவிட்டு, "இந்த ஆபீஸ்ல ஒழுங்கா இருக்கிறது நீங்க ஒருத்தர்தாம்மா" என்றாராம். "இவங்கள்ல யாரு பாட்டிலைக் குடுத்ததுன்னு நீங்கதான் விசாரிச்சுச் சொல்லணும்."

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று நான்கூட வாய்விட்டுக் கேட்டுவிட்டேன்.

"கூட வேலை செய்யறவங்களை நான் காட்டிக்குடுக்க மாட்டேன் சார்னு சொன்னேன். பொய் இல்லையே? அப்புறம், ஆளைத் தேடற நேரத்துல தொட்டியைக் கழுவிட்டா யாரும் எதுவும் எழுத மாட்டாங்களேன்னும் சொன்னேன். அதைச் சொல்ல எங்கிருந்து தைரியம் வந்துச்சுன்னு தெரியலை. சார் ரொம்ப நேரம் ஜன்னலையே பாத்துட்டு இருந்தார். 'வீட்டுலயும் அதைத்தான் மாட்டி வெச்சிருக்கா'ன்னு முனகினார்."

அந்த வாரமே பழைய தொட்டியைக் கழுவினார்கள். விரிசல் விட்டிருந்த குழாயையும் மாற்றினார்கள். அண்ணி போய் அதையும் எழுதினார், மேனேஜர் நின்று மேற்பார்வை பார்த்தார் என்பது உட்பட. அப்போது மேனேஜர் அண்ணியைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்தக் கடைத்தண்ணி பாட்டிலை நீங்க எழுதுவீங்கன்னுதான் நினைச்சேன். ஏன் எழுதலை?" என்று கேட்டாராம்.

"தாகத்துக்குக் குடுத்தீங்க சார்."

மேனேஜர் தலையை ஆட்டினாராம். வக்கீல் நோட்டீசுக்குப் பிறகு வழக்கு என்று எதுவும் வரவில்லை. வக்கீலுக்குத்தான் கொஞ்சம் ஏமாற்றம். கடைசி விரலில் சொடக்கு எடுக்காமலே போய்விட்டதே.

அண்ணிக்கும் ஒரு ஏமாற்றம் இருந்தது. "என் வாழ்நாள்ல இதைவிட நல்ல செய்தி கிடைக்காது. ஆபீஸ் முழுக்கக் குடை! ஒரு வரி எழுத முடியலையே!" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார். ஆசிரியர், ஊரில் திடீரென்று பச்சைக் குடை மோஸ்தர் பரவுவதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதச் சொன்னபோது, வயிற்றுவலி என்று விடுப்பு எடுத்துக்கொண்டார். எனக்குத் தெரிந்து அண்ணி அலுவலகத்தில் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு நான் அவருக்கு ஒரு வெள்ளைத் துணியை ஓரம் மடித்துத் தைத்துக் கொடுத்தேன். பூ இல்லை, கோடு இல்லை. எதைப் படம் எடுப்பதானாலும் அதற்குப் பின்னால் அதைத்தான் விரிப்பார். எப்போதும் அவர் பையில் இருக்கும். அண்ணன் ஒருநாள் அதில் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டான்.

பாட்டிலக்கா இந்த வருஷம் ஓய்வு பெற்றார். கடைசி நாளுக்கு முன்னால் என்னிடம் வந்து, "அந்தப் பெட்டியைத் திற" என்றார். துணி மடிப்புக் கலையாமல் அப்படியே இருந்தது. அளவு மட்டும் கொஞ்சம் கூட்ட வேண்டியிருந்தது. வழியனுப்பு விழாவுக்கு அந்தக் குடைச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் போனார். அண்ணியையும் என்னையும் அழைத்திருந்தார். காசாளரம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பேசாமலே, ஃபேனை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

மேனேஜர் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சட்டையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, தன் வீட்டுத் திரையைத் தைத்த என் பக்கம் திரும்பினார்.

"நல்லா இருக்கும்மா. கொஞ்சம் லேட்டாத் தைச்சிருக்கீங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பாட்டிலக்கா என் காதில், "இனிமே நீ யார்கிட்ட வேணாச் சொல்லு, எழுதிக்கூட வெச்சுக்க" என்றார்.

அண்ணி படம் எடுக்க எழுந்தார். பையிலிருந்து வெள்ளைத் துணியை எடுத்தார். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, மறுபடி மடித்து உள்ளே வைத்துக்கொண்டார்.